நின்றுபோன ஊர்க்கூத்தை மீண்டும் களரியேற்றுவது எப்படி?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கூத்து ஆடிய ஊர்கள் பல. அவற்றுள் சிலவற்றில் இன்றும் ஆட்டம் நிற்காமல் நடக்கிறது. வேறு சிலவற்றில், கடைசியாக ஆடிய கூத்தின் பெயரையும் அதில் அரசன் வேடம் கட்டியவரின் பெயரையும் சொல்லக்கூடிய முதியவர்கள் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். அத்தகைய ஊரொன்றில் கூத்தை மறுபடியும் தொடங்க விரும்புகிற இளைஞர்களையும் ஆசிரியர்களையும் கோயில் நிர்வாகத்தினரையும் மனத்தில் வைத்தே இக்குறிப்புகளை எழுதுகிறேன். ஒரு நாள் விழாவுக்கு அரைமணி நேரக் கூத்துக் காட்சி தயாரிப்பது எப்படி என்பதை இங்கே தேட வேண்டாம். அதற்கு ஆறு பேரும் இரண்டு வாரங்களும் போதும். ஊர் கூடிக் கூத்துப் பழகும் வழக்கத்தை மீட்பதற்கு ஓராண்டாவது வேண்டும். அந்த ஓராண்டை எப்படிச் செலவிடுவது என்பதே இங்கு பேசப்படும் விடயம்.

வரலாற்றை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

உங்கள் ஊரில் கூத்து ஏன் நின்றது என்பதை அறியாமல் அதைத் தொடங்க முற்பட்டால், முன்பு நின்ற அதே இடத்திலேயே அது மறுபடியும் நிற்கும். காரணங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளி கூரைகளோடு ஏடுகளையும் கொப்பிகளையும் உடுப்புப் பெட்டிகளையும் அழித்தது. 1983க்குப் பின் யுத்தம் வந்தது. கூத்து இரவுக்குரிய கலை. பழகுவது இரவில், ஆடுவது விடிய விடிய. இரவில் வெளியே நடமாடுவதே ஆபத்தாகிவிட்ட ஆண்டுகளில் மத்தளம் மௌனமாகியதில் வியப்பில்லை. இடப்பெயர்வு, கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரை ஓர் ஊரிலும் ஆட்டக்காரரை இன்னோர் ஊரிலும் கொண்டுபோய் விட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் கரையோர ஊர்களில் எஞ்சியிருந்தவற்றையும் அள்ளிச் சென்றது. இவற்றோடு எவரும் வெளிப்படையாகப் பேச விரும்பாத காரணங்களும் உண்டு. யாருக்கு எந்த வேடம் என்பதில் எழுந்த சண்டை, சாதியின் பேரால் சிலர் ஒதுக்கப்பட்டது, கோயில் நிர்வாகத்தோடு வந்த பிணக்கு ஆகியவை அவை. முதியவர்களிடம் பேசும்போது இந்தக் கடைசி வகைக் காரணங்களைப் பொறுமையோடு கேட்டறியுங்கள். சூறாவளி ஒருமுறை வந்து போய்விடும். பிணக்கு இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

மீட்டெடுப்பு முயற்சி உங்களோடு தொடங்குவதன்று என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள ‘நாடகம’ எனும் மரபுவழி அரங்கை அடிப்படையாகக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடைய ஒரு வடிவம் நவீன மேடையில் பெற்ற அந்த வரவேற்பு, பேராதனையில் தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தனைக் கூத்தின் பக்கம் தீவிரமாகத் திருப்பியது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். தென்மோடி எனும் ஆட்டப் பாணியைச் சேர்ந்த மட்டக்களப்புக் கூத்தான ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் நூலாக வந்தது அவ்வகையிலேயே. அதே ஆண்டில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ மேடையேறியது. 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’ எனத் தயாரிப்புகள் தொடர்ந்தன. ‘இராவணேசன்’ பிரதியை எழுதி இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றதோடு, கூத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் வளர்த்தெடுத்தார்.

இந்த முயற்சியின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய காலத்தில், அது ஒரு செம்மையான அரங்கக் கலை என்பதை அது நிறுவிக் காட்டியது. எனினும் விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் சனம் சூழ்ந்த வட்டக்களரியிலிருந்து ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு ஆட்டம் மாறியது. ஆடியவர்களும் மாணவர்களே. ஊரில் கூத்து நிற்பதை அந்த மாற்றத்தால் தடுக்க முடியவில்லை; தடுப்பது அதன் நோக்கமாகவும் இருக்கவில்லை.

இரண்டாவது வழி 2002இன் போர் நிறுத்த இடைவெளியில் மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனையில் தொடங்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர், ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற பெயரில், அவ்வூர்க் கூத்தர்களோடு சேர்ந்து முன்னெடுத்த முயற்சி அது. கூத்தை மேடைக்குக் கொண்டுசெல்வதற்கு மாறாக, அதன் இடத்திலேயே, அதன் களரியிலேயே, ஊராரின் கலந்துரையாடல் வழியாக அதனைப் புதுப்பிப்பது என்பது அதன் அடிப்படை. ‘சிம்மாசனப் போர்’ கூத்து அவ்விதம் உருவாயிற்று. பெண்களை இழிவாகப் பேசும் இடங்கள் எவை, சாதியைத் தூக்கிப் பிடிக்கும் இடங்கள் எவை என்று கூத்தர்களே விவாதித்துப் பிரதியை மாற்றுவது இம்முறையின் உயிர். கூத்து நின்றுபோன ஓர் ஊருக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வழியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆவணப்படுத்தும் ஒழுங்கு.

அண்ணாவியாரிடமிருந்து தொடங்குங்கள்

பணம் சேர்ப்பதற்கும் குழுவைப் பதிவு செய்வதற்கும் முன்னர் செய்ய வேண்டியது, ஊரில் எஞ்சியுள்ள அண்ணாவியாரையோ மூத்த ஆட்டக்காரரையோ போய்ப் பார்ப்பது. வெற்றிலை வைத்து முறைப்படி அழையுங்கள். அவருடைய மாணவர் ஒருவர் உங்களோடு வந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஊரில் அண்ணாவியார் எவரும் இல்லையெனில், அதே மோடியை ஆடுகிற அயலூரிலிருந்து ஒருவரை அழைக்கலாம். பழங்காலந்தொட்டு அண்ணாவிமார் ஊர்விட்டு ஊர் போய்க் கூத்துப் பழக்கியவர்களே.

மோடியை உறுதிசெய்துகொள்வது இந்தக் கட்டத்தில் முக்கியம். வடமோடியில் ஆட்டம் வேகமும் வலுவும் உடையது. கதைகள் பெரும்பாலும் பாரதத்திலும் இராமாயணத்திலும் இருந்து எடுக்கப்பட்ட போர்க்கதைகள். அரசர்கள் பாரமான கிரீடமும் விரிந்து நிற்கும் கரப்பு உடுப்பும் அணிவர். தென்மோடியில் பாட்டு இழைந்து நீளும், தாளக்கட்டுகள் நுணுக்கமானவை, காதலும் இன்ப முடிவும் உள்ள கதைகள் மிகுதி, முடியும் உடுப்பும் பாரம் குறைந்தவை. ஒரு மோடியில் ஊறிய ஊர் இன்னொன்றை ஆட முடியாது என்றில்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே மாற்ற முயல்வது வீண் சிரமம். பார்வையாளரின் காது பழகிய மோடியையே தொடருங்கள்.

அண்ணாவியார் சம்மதித்ததும் பதிவைத் தொடங்குங்கள். கொப்பியில் இருப்பது பாட்டின் சொற்கள் மட்டுமே. விருத்தத்தை எந்த இராகத்தில் எடுப்பது, தருவை எந்த இடத்தில் இறக்குவது, எந்த வரவுக்கு (பாத்திரம் களரிக்குள் வரும் ஆட்டத்துக்கு) எந்தத் தாளக்கட்டு என்பவை அண்ணாவியாரின் நினைவில் மட்டுமே உள்ளன. ‘ததித்துளாதக ததிங்கிண’ என்று தொடங்கும் தாளக்கட்டு தாளில் எழுத்தாக நிற்கும். மத்தளத்தில் அது எப்படி விழுகிறது, கால் எந்த அடியில் திரும்புகிறது என்பதைத் தாள் சொல்லாது. ஆகவே அவரை இருக்கையில் அமர்த்திக் கேள்வி கேட்பதைவிட, மத்தளத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் சல்லாரிக்கு (கைத்தாளத்துக்கு) ஒருவரையும் பிற்பாட்டுக்கு இருவரையும் நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். நினைவு கைகளின் வழியாகவே திரும்பி வரும். கைத்தொலைபேசியின் ஒளிப்பதிவே போதுமானது. ஆனால் ஒன்று முகத்தையும் கைகளையும், மற்றொன்று கால்களையும் பதிவு செய்யும்படி இரண்டு தொலைபேசிகளை வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, இடம், பாடுபவரின் பெயர், கூத்தின் பெயர், பாத்திரம் ஆகியவற்றைக் குரலில் சொல்லிவிட வேண்டும். பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவை எழுதப்படுவதே இல்லை. முதியவர் களைத்துப்போகும் முன் நிறுத்துங்கள். ஒரு மாலைக்கு ஒரு பாத்திரம் என்பது நியாயமான அளவு.

கொப்பிகளைத் தேடும்போது ஒரே கூத்துக்கு மூன்று நான்கு பிரதிகள் கிடைக்கலாம். அவற்றை ஒன்றாகத் திருத்தி ‘சரியான’ பிரதி ஒன்றை உருவாக்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். ஒவ்வொன்றையும் அப்படியே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வேறுபாடுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். கொப்பியை வாங்கிச் சென்றவர் திரும்பி வராத அனுபவம் பல வீடுகளுக்கு உண்டு. அதனால் எடுத்துச் செல்லாமல் அவர்களுடைய திண்ணையிலேயே படம் பிடிப்பது நம்பிக்கையை வளர்க்கும். குடும்பத்தார் இணங்கினால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் சேர்க்கலாம். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பாதுகாத்துவரும் அதன் வழியாக உங்கள் ஊர்க் கூத்து இன்னொரு சூறாவளிக்கும் தப்பும்.

கூத்தைத் தெரிவு செய்தல்

எந்தக் கூத்து என்பதை ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ‘பதினெட்டாம் போர்’ போன்ற பெருங்கூத்துக்குத் தேவையான ஆட்கள், உடுப்புகள், நாட்கள் யாவும் உங்களிடம் இல்லாவிட்டால், பாத்திரம் குறைந்த கூத்தைத் தெரிவு செய்வதில் குறைவில்லை. முழுக் கூத்தின் ஒரு பகுதியை மட்டும் இந்த ஆண்டு ஆடி, அடுத்த ஆண்டு நீட்டலாம். ஆனால் எடுத்த பகுதிக்குள் கொலுவரவையோ வரவாட்டங்களையோ வெட்ட வேண்டாம். ‘அலுப்பூட்டும்’ என்று இளையவர்கள் கருதும் அந்த வரவுகளில்தான் ஆட்டம் இருக்கிறது.

பிரதியை மாற்றுவது பற்றிய பேச்சும் இங்கேதான் எழும். முதலில் முழுவதையும் வாசியுங்கள்; ஆடிப் பாருங்கள்; பிறகு விவாதியுங்கள். எந்த வரி மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைப்பது கட்டாயம். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரோ தொண்டு நிறுவனமோ மாற்றச் சொன்னதற்காக ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். கூத்தர்கள் தாமே கூடிப் பேசி மாற்றியதே அடுத்த ஆண்டும் நிலைக்கும்.

பெண்கள் ஆடுவதா என்ற கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. மரபில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இன்று பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பெண்கள் வடமோடியும் தென்மோடியும் திறம்பட ஆடுகிறார்கள். ஊர்க்களரியில் அவர்களுக்கு இடம் தர மறுத்தால் ஊரின் பாதியை வெளியே நிறுத்தியவர்களாவோம். இரவுப் பழக்கம் பெற்றோருக்குத் தடையாக இருக்குமானால், பிள்ளைகளுக்கும் பெண்களுக்குமான பழக்கத்தைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். வேடங்களைப் பகிரும்போதும் குரல், உயரம், ஆட்டம் ஆகியவற்றை அண்ணாவியார் பார்த்துச் சொல்லட்டும். இன்ன குடிக்கு இன்ன வேடம் என்ற பழைய கணக்கு உங்கள் ஊரில் இருந்திருந்தால், அதைப் பின்பற்றப்போவதில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அது தானாகத் திரும்பி வரும்.

பழக்கத்தின் படிகள்

மட்டக்களப்பு மரபு இதற்கான ஒழுங்கை ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறது. புதிதாகத் திட்டம் தீட்ட வேண்டிய தேவை இல்லை. பெரும்போக அறுவடை முடிந்து கையில் சிறிது நெல்லும் மனத்தில் ஓய்வும் இருக்கும் காலத்தில் தொடங்கி, மாரி மழைக்கு முன் அரங்கேற்றத்தை முடிப்பது பொதுவான கணக்கு. பாடசாலைப் பிள்ளைகள் இருந்தால் பரீட்சைக் காலத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதற்படி சட்டங் கொடுத்தல். நல்லநாள் பார்த்து, ஊரார் முன்னிலையில், ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டுகளை எழுதிய சட்டத்தை அண்ணாவியார் கையளிப்பார். இதை ஒளிப்படியாக அச்சடித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணக்கூடாது. எல்லோர் கண் முன்னாலும் வாங்கிய சட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று என்பதால், அந்தச் சடங்கே ஆட்டக்காரரைக் கூத்தோடு கட்டிவைக்கிறது. ஒவ்வொருவரும் தம் சட்டத்தைத் தம் கையாலேயே ஒருமுறை எழுதிப் பார்ப்பது மனனத்துக்கு மிகவும் உதவும்.

அடுத்து வரும் ஆட்டப் பழக்கமே நீளமான பகுதி. அடிப்படை ஆட்டங்களை எல்லோரும் வட்டமாக நின்று சேர்ந்து பழக வேண்டும். அதன் பிறகே அவரவர் வரவு. கூத்தன் ஆடிக்கொண்டே பாட வேண்டியவன் என்பதால் மூச்சு இங்கேதான் சோதிக்கப்படுகிறது. முதல் மாதத்தில் பாட்டையும் ஆட்டத்தையும் தனித்தனியே பழக்கி, பின்பு இணைக்கும் அண்ணாவிமாரின் முறை நல்ல பலன் தரும். பழகும் இடம் மணல் முற்றமாக இருக்கட்டும். சீமெந்துத் தரையில் மாதக்கணக்கில் மிதித்தால் முழங்கால் தாங்காது. பிற்பாட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள். ஆட்டக்காரரைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியும் அவர்கள்மீது காட்டப்படுவதில்லை. ஆனால் நள்ளிரவுக்கு மேல் கூத்தைத் தாங்கி நிற்பது அவர்களின் குரலே. குறைந்தது நான்கு பேரைத் தொடக்கத்திலிருந்தே பழக்குங்கள். அதேபோல் மத்தளத்துக்கும் ஓர் இளையவரை அண்ணாவியாரின் அருகிலேயே நிறுத்திவையுங்கள்.

கால் பழகியதும் சதங்கை அணிதல் நடக்கும். ஊர் கூடிப் பார்க்கும் முதல் இரவு இது. உடுப்பு இல்லை, சதங்கை மட்டுமே. தாய்மார் தம் பிள்ளைகளின் ஆட்டத்தை அன்றுதான் முதன்முறை பார்ப்பார்கள். இந்த இரவுக்குப் பிறகு ஊரின் பேச்சு மாறுவதை நீங்களே காண்பீர்கள். உதவியும் அதன் பின்னரே பெருகும். ஆகவே நிதி கேட்கப் போவதானால் சதங்கை அணிதலுக்குப் பின் போங்கள்.

பிறகு கிழமைக்கூத்து, அதாவது கிழமைக்கு ஒருமுறை தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு ஆடிப்பார்ப்பது. இறுதியில் அடுக்குப் பார்த்தல்: முழுக் கூத்தும் இடைவிடாமல், ஓர் இரவு முழுவதும். அடுக்குப் பார்க்கும் இரவில் பிழைகளை நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். ஒருவர் கொப்பியோடு இருந்து குறித்துக்கொண்டு மறுநாள் சொல்லட்டும்.

களரியும் உடுப்பும்

வட்டக்களரியைக் கோயில் முன்றலிலோ ஊர்ப் பொதுவெளியிலோ மண்ணால் சற்று உயர்த்தி அமையுங்கள். சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, நடுவில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். நாற்புறமும் சனம் இருக்கும். மேடையைப் போல ஒருபுறத்தை மறைத்து விருந்தினர் வரிசை போட்டால், கூத்தர் தம்மையறியாமல் அந்தப் பக்கமே திரும்பி ஆடத் தொடங்குவர். களரியின் உருவம் கெட்டுப்போக அது ஒன்றே போதும். பிரதம விருந்தினரும் பாயிலோ கதிரையிலோ சனத்தோடு சனமாக இருக்கட்டும். ஒலிபெருக்கி தேவையென்றால் ஒலிவாங்கியை நடுவில் உயரத்தில் தொங்கவிடுங்கள். பாடுபவர் ஒலிவாங்கியைத் தேடி ஓடும் நிலை வரக்கூடாது. விடிய விடிய ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கரப்பு உடுப்பும் கிரீடமும் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். முதல் ஆண்டில் அயலூரிலிருந்து இரவல் வாங்கி, அந்த ஆண்டுக்குள்ளேயே ஒரு செட் உடுப்பைச் செய்வித்து, செய்பவரின் அருகில் ஊர்த் தச்சர் ஒருவரையும் தையல்காரர் ஒருவரையும் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பாரத்தைக் குறைக்க மெல்லிய பொருள்களைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அளவையும் உருவத்தையும் மட்டும் மாற்ற வேண்டாம், ஏனெனில் கரப்பு உடுப்பின் அகலத்துக்கு ஏற்பவே ஆட்டத்தின் வீச்சு அமைந்திருக்கிறது. உடுப்போடு குறைந்தது மூன்று இரவாவது பழகிய பின்னரே அரங்கேற்றத்துக்குப் போக வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, மரபில் வேடக்காரரின் குடும்பமே அவருடைய உடுப்புச் செலவை ஏற்றது. இன்று அப்படி விட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அரசராவார்கள். உடுப்பு, மத்தளம், களரிச் செலவு ஆகியவற்றைப் பொதுப்பணத்திலிருந்து செய்யுங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் ஊடாகக் கலைமன்றமாகப் பதிவு செய்துகொண்டால் அரச உதவி கேட்க வழி திறக்கும். ஆனால் பழக்கத்தின் தொடக்கத்தை அந்த உதவியின் வருகையோடு முடிச்சுப் போடாதீர்கள். வரவு செலவுக் கணக்கைக் கோயில் பலகையில் எழுதி ஒட்டிவிடுவது பல பிணக்குகளைப் பிறக்கும் முன்பே தீர்த்துவிடும்.

அரங்கேற்றமும் அதன் பின்னரும்

அரங்கேற்ற நாளில் அண்ணாவியாருக்குரிய மரியாதையைக் கூத்துத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பு அறிவித்தல்கள் மலிந்து கதையோட்டம் அறுபடுவது இன்று பல களரிகளில் காணும் துன்பம். அன்பளிப்புகளை வரவு முடியும் இடைவெளிகளில் மட்டும் வாசிப்பது என்று முன்பே அறிவித்துவிடலாம். முதியவர்கள் சிலர், தாம் முன்பு ஆடிய பாட்டை இளையவர் பாடும்போது எழுந்து சேர்ந்து பாடுவார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம்; பிற்பாட்டில் அவர்களுக்கும் இடமுண்டு.

அரங்கேற்றத்தோடு முடித்துவிடாமல், மரபின்படி வீட்டுக்கு வீடு போய் ஆடுங்கள். களரிக்கு வர முடியாத முதியவரும் நோயாளரும் தம் முற்றத்திலேயே கூத்தைப் பார்க்கட்டும். அத்தகைய முற்றங்களில்தான், கொப்பியில் இல்லாத பாட்டு ஒன்றைப் பாயில் படுத்திருக்கும் ஒருவர் திடீரென எடுத்துப் பாடுவார். பதிவுக் கருவி அன்றும் கையில் இருக்க வேண்டும். பிறகு உடுப்புகளை வெயிலில் காயவைத்து, கிரீடங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கிப் பலகைமேல் ஏற்றுங்கள். கறையான் சுவர் வழியாகவே வரும். சட்டங்களைத் திரும்பச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அண்ணாவியாரின் அருகில் மத்தளத்தோடு நின்ற இளையவரிடம், அடுத்த அறுவடை வரும்வரை பிள்ளைகளுக்கு அடிப்படைத் தாளக்கட்டுகளைப் பழக்கும் பொறுப்பை அந்தக் கிழமையிலேயே ஒப்படையுங்கள்.